பதின்மூன்றரை

காக்கா பிடிப்பதுதான் என் உத்தியோகம்.
சிரிக்க வேண்டாம்,
மாதச் சம்பளம், இபிஎஃப் எல்லாம் உண்டு.

மாநகர் மன்றத்து இருதயராஜ்
ஜெலுத்தோங் சந்தைக்குப் பின்னால் சுட்டதை
ஐஸ் பெட்டியில் அடுக்கி
குளுகோர் வரை மோட்டாரில் கொண்டுவருவார்.
"இன்னிக்கு ஏழு, பசியாறியாச்சா?"
இரண்டும் ஒரே மூச்சில்.

நான் கழுத்தை மட்டும்தான் பார்ப்பேன்.
பெயிண்ட் கடையில் கெஞ்சி வாங்கிய
சாம்பல் அட்டை, இருபது படி.
ஒன்று, நீறு.
இருபது, அடுப்புக்கரி.

இழுப்பறைக்குள்
பஞ்சடைத்த நாற்பத்தொரு காக்கைகள்
மல்லாந்து கிடக்கின்றன, மேற்கிலிருந்து கிழக்காக,
காலில் ஊர்ச்சீட்டோடு.
கராச்சி, வெளுத்த கழுத்து.
ஜோத்பூர், மதுரை, யாழ்ப்பாணம்.
ரங்கூன் வரும்போது
தலை எங்கே முடிகிறது என்றே தெரியாது.
பக்கத்தில் பக்கத்தில் உள்ள இரண்டை எடுத்தால்
இரட்டைப் பிள்ளைகள்.
முதலையும் கடைசியையும் எடுத்தால்
கொடுக்கல் வாங்கல் இல்லாத குடும்பங்கள்.

டாக்டர் தியோ ஒரு தடுப்பு அட்டை தந்தார்.
ஒன்றே ஒன்று.
இது முடிந்து அது தொடங்கும் இடத்தில்
செருகச் சொன்னார்.
திங்கட்கிழமை, பதினெட்டாவதுக்குப் பின்னால்.
புதன்கிழமை, இருபத்து மூன்றாவது.
வெள்ளிக்கிழமை ஏர்கோன் கெட்டுவிட்டது,
அட்டையால் விசிறிக்கொண்டேன்.

போன வருஷம் மதுரையில்
எங்கே பசியாறலாம் என்று கேட்டேன்.
"சிலோனா நீங்க?"
யாழ்ப்பாணத்தில் ஒரு மரத்தைக் காட்டி
எவ்வளவு காக்கா என்றேன்.
"இந்தியாவோ?"
திரும்பி வந்து பட்டர்வொர்த்தில்
ஃபெரிக்கு நிற்கையில் பக்கத்து ஆள்
காது கொடுத்துக் கேட்டுவிட்டுச் சொன்னார்:
"ஈப்போ பேச்சு."
நான் பிறந்தது எதிர்க்கரையில்,
ஆயர் ஈத்தாமில்.
ஊர்ப் பெயருக்கே கறுந்தண்ணீர் என்று அர்த்தம்.

கோப்பிச் செடியில் புழு தின்ன
சிலோனிலிருந்து கப்பலேற்றிக்
கிள்ளானில் இறக்கினார்களாம் காக்கைகளை.
கோப்பி போயிற்று.
புழுவும் போயிருக்கும்.
வந்தது வந்தபடி தங்கி, பெருகி,
இப்போது தலைக்கு இத்தனை வெள்ளி.
ஜெலுத்தோங் காக்கை அந்த வழியா,
ரங்கூன் வழியா,
இரண்டும் எங்கோ ஒரு கூட்டில் சந்தித்ததா,
சீட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

இன்று வந்த ஏழில் ஐந்தாவது
பதின்மூன்றுக்கும் ஒத்துவரவில்லை,
பதினாலுக்கும் இல்லை.
பென்சிலால் எழுதினேன்: பதின்மூன்றரை.
தியோ அழிப்பார் என்று தெரியும்.
அழுத்தியே எழுதினேன்.

நாலு மணிக்கு மழை.
ஜன்னல் கம்பியில் ஒன்று வந்து உட்கார்ந்தது,
சுடப்படாதது.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
அட்டையைத் தூக்கிப் பிடித்தேன்.
பத்து.
நனைய நனைய பன்னிரண்டு,
பதினைந்து, பதினெட்டு.
இருந்த இடத்திலிருந்து அசையாமல்
இழுப்பறையில் பாதியை நடந்து முடித்துவிட்டு
இறகை உதறியது,
மேசைமேல் இருந்த
என் வடையைப் பார்த்தது.