கொத்து நாற்பது

மன்னார்குடி பந்தலடிப் பக்கம் பல் ஆஸ்பத்திரி.
நான் டோக்கன் கொடுப்பவள்.
காத்திருப்பவர்கள் பார்க்க மூன்றடிக் கண்ணாடித் தொட்டி.
அதன் முதுகில் ஒட்டிய நீலக்கடல் படம்
ஓரம் உரிந்து
டால்பினுக்குப் பின்னால் சுண்ணாம்புச் சுவர்
எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது.

"பின்பக்கம் ஏதாவது செடி வையேன் ரஞ்சிதம்,
சாகாததா" என்றார் டாக்டர்.
சாகாதது என்று கேட்டுத்தான் வாங்கினேன்,
கும்பகோணத்தில். மூன்று கொத்து, கொத்து நாற்பது.
கடைக்காரர் சொன்ன பேர் வாயில் நுழையவில்லை.
பில்லில் நாடாப்புல் என்று எழுதிக் கொடுத்தார்.

வேரை மணலில் விடு, குருத்தின் கழுத்தை மூடாதே.
அவ்வளவுதான் விதி.

ஐந்தாம் நாள் இலைகள் கண்ணாடியாகிக் கரைந்தன.
ஈறு வீங்கியவர்கள் வரிசையாய் உட்கார்ந்து
அந்தச் சாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
நான் பிடுங்கவில்லை.
சோம்பல்தான். நம்பிக்கை என்று சொல்ல மாட்டேன்.

மூன்றாம் வாரம் அடியில் ஒரு நகக்கண் பச்சை.
அதற்குப் பிறகு அது யாரையும் கேட்கவில்லை.
மணல்மேல் வெள்ளைக் கொடி ஓடி
ஒரு சாண் தள்ளி ஒரு குட்டி,
அதிலிருந்து இன்னொரு கொடி.
டால்பின் மறைந்தது. பவளப்பாறை மறைந்தது.
தண்ணீரின் உச்சியைத் தொட்டும் நிற்காமல்
மடங்கிப் படுத்து நீண்டது.
கரண்ட் போனால் நாடாக்கள் நிமிர்ந்து நிற்கும்,
மோட்டார் ஓடினால் ஒரே பக்கம் சாயும்.
கப்பிகள் அதற்குள் குட்டி போட்டு ஒளித்தன.

புரட்டாசியில் செங்கமலம் வந்தாள்.
நூறு நாள் வேலையிலிருந்து நேரே,
கடைவாய் வீங்கி, முழங்கையில் சேறு காயாமல்.
தொட்டியைப் பார்த்து
சிரிக்க முடியாத வாயால் சிரித்தாள்.
"இதக் காசு குடுத்தா வாங்குனீங்க?
காலைலேர்ந்து வாய்க்கால்ல
இதத்தான் வாரி வாரிக் கரையில போடறோம்.
வேலம்பாசி."
அந்தப் பேர் நுழைந்தது.

வாய்க்கால் காய்ந்தால் என்னாகும் என்றேன்.
"காயும். சேத்துக்குள்ள என்னத்தையோ
பதுக்கி வெச்சிருக்கும்போல.
தண்ணி வந்தா வந்து காலச் சுத்தும்."
டோக்கன் பதினொன்று. உள்ளே போய்விட்டாள்.

ஐப்பசியில் ஒரு பூ.
சுருள் நூலின் நுனியில் நொய்யரிசி வெள்ளை,
நீரின் தோலைத் தொட்டபடி.
பன்னிரண்டாம் வகுப்பில் படித்திருக்கிறேன்:
ஆண்பூ அறுந்து மிதந்து வரும்,
சேர்ந்ததும் சுருள் இறுகி
பெண்பூவை ஆழத்துக்கு இழுத்துக்கொள்ளும்.
மூன்று கொத்தும் ஒரே தாயின் கொடி போல.
தொட்டியில் வேறு யாரும் பூக்கவில்லை.
ஆறு நாள் மிதந்தது.
எக்ஸ்ரே எடுக்க, பல் கட்ட, பில் கட்ட
யார் யாரோ வந்து போனார்கள்.

ஏழாம் நாள் சாயங்காலம்
அடர்ந்ததில் ஒரு கை பிடுங்கினேன்,
பூவோடு சேர்த்து,
குளுக்கோஸ் பாட்டில் வந்த பையில் தண்ணீரோடு.
வடுவூர் பஸ்ஸை விட்டுவிட்டு
மதகடியில் இறங்கிக் கவிழ்த்தேன்.
ஓட்டம் பையைக்கூடப் பிடித்து இழுத்தது.

செங்கமலம், மறுபடி இங்கே உங்களை இறக்கினால்
இதையும் வாரிப் போடு.
அதற்குக் கூலி உண்டு.
ஆனால் அவசரமில்லை.