பொடி எழுத்து

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில்
ஒரு பழைய பிஸ்கட் டப்பா வைப்பார்கள்,
மூடியில் கீறல்.
விண்ணப்பச் சீட்டெல்லாம் அதற்குள் விழும்.
நாலு வருஷமாக என் சீட்டில் ஒரே வரி:
கிரேன் ஓட்ட லைசென்ஸ்.
அதற்குக் கீழே பொடி எழுத்தில்
உமக்குச் சித்தமானால்.

பணம் போடச் சொல்லும் விளம்பரத்தின் கடைசியில்
மூச்சு விடாமல் ஒப்பிப்பார்களே,
அந்த மாதிரிதான் அந்தப் பொடி எழுத்து.
கிடைக்காவிட்டால் அவர் பொறுப்பு.
கிடைத்தால் நான் ராத்திரி கண்விழித்துப் படித்தது.

எங்கள் பாஸ்டர் பெயரே தேவசித்தம்.
உயரத்தின் மேல் ஆசை வேண்டாம் சகோதரி,
கோபுரம் கட்டினவர்களுக்குப்
பாஷை குழம்பிப்போனது, என்றார்.
யார்டில் இப்போதே ஏழு பாஷை ஐயா,
விசிலில்தான் பேசிக்கொள்கிறோம் என்று
சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரிகள்
நகராமல் உறுமும்.
மணலிக் காற்று நாக்கில் கசக்கும்.
நான் டேலி கிளார்க்.
அடுத்தவர் தூக்கி வைக்கும் பெட்டிகளுக்கு
எண் எழுதுகிறவள்.
அண்ணாந்து அண்ணாந்து கழுத்தில் தைலவாசனை.

போன ஞாயிறு வேதம் வாசிக்கும் முறை எனக்கு.
மகன்கள் இருவருக்கும்
வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று
நாற்காலி கேட்ட அந்த அம்மாள்.
பிரசங்கத்தில் அவள் பேராசைக்காரி.
எனக்கோ அவளை நன்றாகத் தெரியும்,
படகுக்காரன் பெண்டாட்டி,
காசிமேட்டு ஏலத்தில் நாலு மணிக்கு நிற்பவள்,
வாய்விட்டுக் கேட்காத கூடையில்
ஒரு சங்கராவும் விழாது என்று அறிந்தவள்.
அவர் அவளை விரட்டவில்லையே.
உனக்கு என்ன வேண்டும் என்றுதான் முதலில் கேட்டார்.
பிறகுதான்
ஏதோ ஒரு பாத்திரத்தைப் பற்றிப் பேசினார்.

செவ்வாய், ராத்திரி ஷிப்ட்.
பஷீர் பாய் கேபினுக்கு ஏற்றிவிட்டார்.
உட்காரும்மா, சும்மா பார், என்றார்.
கடல் தெரியும், கப்பல் விளக்கு தெரியும்,
திருவொற்றியூரில் எங்கள் மொட்டைமாடிகூடத் தெரியும்
என்று நினைத்திருந்தேன்.
காலடியில் கண்ணாடி.
அதில் தெரிந்தது ஒரு மஞ்சள் தொப்பி.
பூட்டு திருப்பும் பையன், ஜார்க்கண்டோ எங்கோ.
இருபது டன் பக்கத்தில் இறங்க,
ஒருமுறைகூட அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.
ஒரு கையால் மூக்கைச் சொறிந்துகொண்டான்.

யார் மேல் வைத்த நம்பிக்கை அது?
இந்த நாற்காலியின் மேல்.
எனக்கு உள்ளங்கை வேர்த்து ஊற்றியது.
பாத்திரம் என்றது
இதைத்தானா ஆண்டவரே?

இந்த வெள்ளி, சீட்டில் முதல் வரி அதேதான்.
ஆசை ஒரு இழைகூடக் குறையவில்லை,
உம்மிடம் பொய் சொல்ல மாட்டேன்.
பொடி எழுத்தை மட்டும் விட்டுவிட்டேன்.
அந்த இடத்தில், மேல்வரி அளவுக்கே பெரிதாக:
மஞ்சள் தொப்பி.

தேவசித்தம் ஐயா இரண்டு தடவை வாசித்தார்,
கண்ணாடியைக் கழற்றி ஒரு தடவை.
ஆமென் சொல்லச் சபை கொஞ்சம் தயங்கியது.

பதினேழாம் தேதி பிராக்டிகல்.