திருஷ்டி பொம்மை

கடையில் ரம் தீர்ந்துவிட்டதாம்.
ஜின்னோடு வந்தேன்.
பெருங்குடி, நாலாவது மாடி,
கரண்ட் போய் அரை மணி நேரம்.
ஐஸ் யாருக்கும் காத்திருக்காது.

அன்னாசிச் சாறு, எலுமிச்சை,
பாதாம் சிரப்புக்குப் பதில்
சர்பத்துக்கு வாங்கிய நன்னாரி.
ஷேக்கரை ஹெப்சி எடுத்துப் போய்விட்டாள்.
கழுவிய ஊறுகாய் பாட்டிலை இறுக மூடிக் குலுக்க,
கீழிருந்து டார்ச் அடிக்கிறார் வாட்ச்மேன்:
"இன்னா சார் சத்தம்?"

ஏதோ தீவின் சாமிமுகம் செதுக்கிய
கோப்பையில்தான் ஊற்ற வேண்டுமாம்.
இங்கிருப்பது
அவள் அம்மா பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர்.

எதிரே, பாதியில் நின்ற கட்டடத்தில்
முழி பிதுங்க, நாக்கைத் துருத்தியபடி
தொங்குகிறது திருஷ்டி பொம்மை.
அதை நோக்கி டம்ளரைத் தூக்கினேன்:
கண் வைக்க இங்கே ஒன்றுமில்லை,
நீ தூங்கு.

முதல் மடக்கு.
நன்னாரி கொஞ்சம் தூக்கல்.
ஊறுகாய் வாசனை போகவே இல்லை.