நாலாவது விசில்

இரண்டே முக்காலுக்கு லைன் நின்றது.
எதனால் என்று சொல்லவில்லை.
திரும்பும் பஸ் நேரத்துக்கு முன்பே வந்து நின்றிருந்தது,
அதுதான் பயமாக இருந்தது.

தடா ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம், மாடியில் ஒற்றை அறை.
மூன்று ஷிப்டுக்கு மூன்று பேர்.
ஒருத்தி எழுந்த சூடு ஆறுவதற்குள்
அந்தப் பாயில் இன்னொருத்தி.
ஞாயிறும் ஓவர்டைம்.
ஹைமாவதியை இருட்டில் குறட்டையாகத் தெரியும்.
ஒடிசாக்காரி மினதியைச் செருப்பாகத் தெரியும்:
வாசலில் கிடந்தால் உள்ளே தூங்குகிறாள்.

இன்று மூன்று ஜோடியும் வாசலில்.

மினதி காலையில் ஊறப்போட்ட ராஜ்மா
கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டிப் பருத்திருந்தது.
அரை மணி நேரம் கொடுங்க, ஒண்ணு செய்றேன் என்றேன்.
கம்பெனி கெஸ்ட் ஹவுஸில் ரெண்டு மாசம் வெங்காயம் உரித்தபோது
வெளிநாட்டு இன்ஜினியர்களுக்குப் போனது. பேர் சில்லி.

மிரப்பகாயா? என்றாள் ஹைமா.
மிளகாய் இல்லடி, குழம்பு.
குழம்புக்குத்தான் மிளகாய்னு பேரு.
அப்போ சாம்பாருக்கு உப்புன்னு பேரு வைக்கலாமா?
சிரித்தோம்.
மினதி யோசித்து, நாங்கள் நிறுத்திய பிறகு
தனியாகச் சிரித்தாள்.

வெங்காயம் நாலு, பொடியாக இல்லை, அவசரமாக.
பூண்டைத் தோலோடு ஒரு தட்டு.
பாதி வாடிய குடைமிளகாய்.
சூளூர்பேட்டைத் தக்காளி,
அழுகின பக்கத்தை வெட்டிவிட்டு மிச்சம்.
மிளகாய்த்தூள் என்றதும் இரண்டு டப்பா வந்தது.
என்னுடையது ஊத்துக்கோட்டை மில்லில் மல்லி சேர்த்து அரைத்தது, சாது.
அவளுடையது நாயுடுபேட்டையிலிருந்து அக்கா கொடுத்தனுப்பியது,
மூடியைத் திறந்ததும் மினதிக்கு ஆறு தும்மல்.
ரெண்டு ஸ்பூன் போதும் என்றேன்.
ஸ்பூன்தானே என்று ஹைமா கரண்டியை எடுத்தாள்.

அங்கே கடைசியில் கறுப்பாக ஏதோ கசப்பு சேர்ப்பார்கள்.
கேண்டீனிலிருந்து கொண்டுவந்த காபிப் பாக்கெட் ஒன்றைக்
கிழித்துக் கொட்டினேன்.
மினதி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

இந்த அறையில்
அடுப்புப் பக்கம் தமிழ்நாட்டு டவர்,
கதவுப் பக்கம் ஆந்திரா.
வெங்காயத் தோலைக் கொட்டப் போய்த் திரும்பியதற்குள்
தங்களை வரவேற்கிறோம், தங்களை வரவேற்கிறோம்.
சூப்பர்வைசரிடமிருந்து ஒன்றுமில்லை.

ஆறு விசில் வேண்டும்.
மூன்று ஒழுங்காக வந்தது.
நாலாவது பாதியில் இருமியது.
குனிந்து பார்த்தால் நீலம் மஞ்சளாகி
ஒரு கொசுவின் அளவுக்குச் சுருங்கி,
இல்லை.

சிலிண்டரை ஆட்டினோம், சாய்த்தோம்,
ஹைமா தெலுங்கில் திட்டினாள், எனக்குப் புரிந்தது.
புதுசுக்குச் சொல்லணும். சொல்லலாம்.
சம்பளம் வந்ததும் என்று யாரும் முடிக்கவில்லை.

வெயிட்டை எடுக்காதே, உள்ளே ஆவி இருக்கு.
குக்கரைச் சுற்றி உட்கார்ந்தோம்,
மேலே ஒரு பழைய துண்டைப் போர்த்தி,
காய்ச்சல்காரியைப் பார்ப்பதுபோல் அடிக்கடி தொட்டுப் பார்த்து.
கூடூர் பக்கம் போகிற சரக்கு வண்டி ஒன்று
தரையைச் சற்று ஆட்டிவிட்டுப் போனது.
மினதிக்கு இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு இருக்கிறது.
இன்றுதான் பார்த்தேன்.

திறந்தோம்.
ஒரு பயறை எடுத்து நசுக்கினேன்.
தோல் பிரிந்தது, சதை குழைந்தது,
நடுவில் மட்டும் ஒரு மணல் அளவு பிடிவாதம்.
சோறு வைக்க நெருப்பு இல்லை.
மினதி பெட்டிக்கு அடியிலிருந்து
ஊர்ப் பொரி மூட்டையை இழுத்தாள்.

மூன்று தட்டு இல்லை, ஒரு தாம்பாளம்.
கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர்.
காபி எங்கே போனதென்று தெரியவில்லை,
ஆனால் எங்கோ இருந்தது.

போன் அடித்தது.
யாருடையது என்று தெரியவில்லை, மூன்றும் ஒரே ரிங்டோன்.
கம்பெனியாக இருக்கும்.
மூன்று பேருடையதும் எச்சில் கை.

உண்டனீ, என்றாள் ஹைமா.
இருக்கட்டும் விடு என்று அர்த்தம்.
என் காதில் சாப்பாடாகத்தான் விழுந்தது.

சிவப்பில் பொரி மெதுவாக அமுங்கிக்கொண்டிருந்தது.