வாய் எண் ஒன்று

வெள்ளவத்தைக் கால்வாய்க் கட்டில்
பொலித்தீன் பைகளுக்கு நடுவே
வெயில் காய்ந்துகொண்டிருந்ததைத்தான் முதலில் வரைந்தேன்.
கபரகொயா. ஆள் நீளம்.
கழுத்தில், வாடகை கேட்க வந்த வீட்டுக்காரரின் நிதானம்.

றொட்டர்டாமிலிருந்து பதில் வந்தது:
பிள்ளைகள் பயப்படுவார்கள்.
நகங்களை எடுங்கள். தலை வட்டமாக இருக்கட்டும்.
இது டிராகன்தானே?
நாக்கு ஏன் இரண்டாகப் பிளந்திருக்கிறது?

நகங்களை எடுத்தேன்.
தலையை பலூனாக்கினேன், வயிற்றை
மாலுபாண் போல உப்பவைத்தேன்.
முகத்தில் பாதியைக் கண்ணுக்குக் கொடுத்தேன்,
கண்ணுக்குள் இரண்டு வெள்ளைப் புள்ளி.
அந்தப் புள்ளி இல்லையென்றால் எதுவும் செத்ததுதான்.
அதை எந்த வகுப்பிலும் படிக்கவில்லை,
கொம்பனித்தெரு மீன் கடையில் பார்த்தது.

முழு உடலையும் கறுப்பால் நிரப்பினேன்.
நிழலை வைத்தே ஆளைச் சொல்ல வேண்டும், அது விதி.
தெரிந்தது ஒரு கத்தரிக்காய்.
வாலைக் கேள்விக்குறியாய் வளைத்த பிறகுதான்
கத்தரிக்காய் திரும்பிப் பார்த்தது.

முன்பக்கம், முக்கால், பக்கவாட்டு, பின்பக்கம்.
ஒரே ஆளை நாலு தரம் நிற்கவைக்கிறேன்,
உயரம் காட்ட முதுகுக்குப் பின்னால் கோடுகள்.
ஃபர்ஸான் எட்டிப் பார்த்தான்.
"என்ன குற்றம் செய்தது இது?"
சிரித்தோம்.
பிறகு கொஞ்ச நேரம்
ஏசி மட்டும் சத்தம் போட்டது.

நாக்கை மட்டும் எடுக்கவில்லை. எழுதினேன்:
தமிழிலும் இரட்டை நாக்கென்றால் வஞ்சகம்தான்,
ஆனாலும் ஐயா, இந்த ஊரில்
ஒற்றை நாக்கோடு நூற்றைம்பத்தைந்தில் ஏறினால்
மிச்சக் காசு கிடைக்காது.
அனுப்பவில்லை. அழித்தேன்.
"இந்த இனத்தின் இயல்பு அப்படி"
என்று மட்டும் போட்டேன்.
உடனே ஒப்புக்கொண்டார்கள்.

இப்போது வாய்கள்.
ஓர் உயிருக்கு எட்டு வாய், பட்ஜெட் அப்படி.
ஆவென்று ஒன்று, ஈயென்று ஒன்று,
குவிந்தது, குறுகியது,
பல் வந்து கீழுதட்டில் உட்காருவது.
இந்த எட்டையும் வைத்து
மூன்று பாஷையும் கதைக்க வேண்டும்.
ஒன்பதாவது வாய்க்குக் காசில்லை.

முதல் வசனமே ஊரின் பெயர்.
எலும்பு பூட்டுகிற ருவந்தி
கைப்பையிலிருந்து கண்ணாடி எடுத்துத் தந்தாள்.
நீ சொல்லு.
கொழும்பு, என்றேன்.
ழு வரும்போது கண்ணாடியில் ஒன்றுமே நடக்கவில்லை.
நாக்கு உள்ளே போய் மடிந்து
யாருக்கும் தெரியாமல் திரும்பி வந்தது.
ஃபர்ஸான் கொளும்பு என்று குறித்துக்கொண்டான்.
நான் சொன்னதும் அதுதான் போல.

கண்ணாடி கை மாறியது.
கொளம்ப, என்றாள் அவள்.
றொட்டர்டாமின் ஒலிப்பதிவில் கொலொம்போ.

மூன்று ஒலியையும் ஒன்றன்கீழ் ஒன்றாய் அடுக்கி
நீளத்தை இழுத்துச் சரிசெய்து
பிரேம் பிரேமாக நகர்த்தினோம்.
தொடக்கத்தில் மூவருக்கும் ஒரே குவிந்த உதடு.
நடுவில் ஆளுக்கொரு பக்கம் போனோம்.
பதினோராவது பிரேமில்
மூன்று வாயும் சேர்ந்து மூடின.
ம்.
வாய் எண் ஒன்று. வெறும் ஒரு கோடு.
அடுத்த பிரேமில் திறந்து
பு, ப, போ என்று
அவரவர் பாடு.

"ரெண்டு படம் மிச்சம்," என்றாள் ருவந்தி,
பிளேன்டீ சொல்லப் போய்விட்டாள்.

நான் அந்தக் கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பொறுமையா, பயமா, சிரிப்பை அடக்குகிறதா,
கோட்டுக்கே தெரியாது.
ஒரு நுனியைக் கொஞ்சம் உயர்த்தினேன். விளம்பரம் மாதிரி இருந்தது.
இறக்கினேன். மரணச் சடங்கு.
அந்த நேரம் பார்த்து
கீழே கடலோரம் ஐந்தேகால் றெயில் போக,
மேசை நடுங்கி
பேனா தன்பாட்டில் ஒரு கோடு இழுத்தது,
நேருமில்லை, வளைவுமில்லை.

அதையே வைத்துக்கொண்டேன்.