நாற்பத்து மூன்றாம் நிமிடம்

கிளிவீட்சேயில் நவம்பர். நாலரைக்கே இருட்டு.
தபாலில் வந்த ப்ளூ-ரே தட்டை
அண்ணன் செவெரின் சட்டைக் கையில் துடைக்கிறான்.
பிரிக்காத உறையிலிருந்து இப்போதுதான் எடுத்தது,
துடைக்க அதில் ஒன்றுமில்லை.
கேசட்டுக்குப் பழகிய கை.

எண்பத்தெட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது
அது எந்த நாட்டுப் படமென்றே தெரியாது.
பிரதியின் பிரதிக்குப் பிரதி.
ரத்தம் பழுப்பு, முகங்கள் பிசைந்த மாவு.
திரையின் அடியில் ஒரு கோடு
குளிர் தாங்காமல் நடுங்கிக்கொண்டேயிருக்கும்.

எல்லாருக்கும் ஒரே குரல்.
கொலையாகிறவள், போலீஸ், பாதிரியார்,
கூண்டிலிருக்கும் கிளி,
அத்தனை பேரையும் ஒரே ஆள் போலிஷில் வாசித்தார்,
மின்கட்டண ரசீதை வாசிக்கிற மாதிரி.
ஐயோ என்னைக் கொல்லாதே. சரி. அடுத்தது.
காத்தோவித்சேவில் பல் டாக்டர் என்பார் அப்பா,
சமையலறையில் போர்வையைத் தொங்கவிட்டு
ராத்திரியில் பதிவு செய்கிறவராம்.
அப்பா சொன்ன எதையும் நாங்கள் சரிபார்த்ததில்லை.

நாற்பத்து மூன்றாம் நிமிடம்
அவள் மாடிப்படி ஏறுகையில்
டாக்டர் தும்முவார்.
அழிக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.
கதவைத் திறக்காதே, என்று மேலே போனார்.

கடைசிப் பதினோரு நிமிடம் எங்களிடம் கிடையாது.
முகமூடிக் கை கத்தியை ஓங்கும்,
சட்டென்று எல்ஃப்ரிதா அத்தை
வெள்ளிவிழாக் கேக்கை வெட்டுவாள்.
எங்கள் வீட்டில் ரொம்ப நாளைக்குக்
கொலைகாரி அவள்தான்.
கிறிஸ்துமஸுக்கு வந்தால்
செவெரின் கத்திகளை ஒளித்துவைப்பான்.

இன்றைக்குப் படி ஈரமாயிருக்கிறது.
முப்பத்தாறு வருடம் பார்த்த படி.
அவள் கோட்டு பச்சையாம்.
சாம்பல் நிறமென்று நம்பி
அதேபோல் ஒன்று தைத்துப் போட்டுக்கொண்டுதான்
நான் பதிவுத் திருமணத்துக்குப் போனேன்.

அப்புறம், இசை.

டாக்டர் பேசிய இடங்களிலெல்லாம் அடியில்
யாரோ வாசித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.
மூச்சு வாங்கும் பழைய துருத்தி ஆர்கன்,
மூன்று சுரம் ஏறி
நாலாவதன் வாசலில் தயங்கும்.
பாதிரியார் வரும்போது அது இல்லை.
ரொட்டிக்கடையில் சில்லறை எண்ணும் தங்கை,
ஜன்னலோரம் தலை சீவும் தங்கை,
அவள் வந்தால் மட்டும் வருகிறது.
முதல் காட்சியிலேயே
யாரென்று சொல்லிவிட்டிருக்கிறது.
அதன் மேல்தான் டாக்டர்
எல்லாருடைய வசனத்தையும் அடுக்கிவைத்திருந்தார்.

கடைசியில் தங்கைதான்.
கத்தியைக் கீழே வைக்கிறபோது
அந்த நாலாவது சுரமும் வந்துவிட்டது.
செவெரின் என்னைத் திரும்பிப் பார்த்தான்.
சிரித்தோம், கொஞ்சம் தாமதமாக.

பெயர்கள் ஓடின.
ஆர்கன் வாசித்தவர், முடி அலங்காரம்,
கிளிக்குப் பயிற்சி கொடுத்தவர்கூட.
டாக்டருக்கு மட்டும் ஒரு வரி இல்லை.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன், நடுவில் நடந்தது.
நாற்பத்து மூன்றாம் நிமிடம்.
மழை, செருப்பொலி,
துல்லியமான ஓர் இடைவெளி.
யாரும் தும்மவில்லை.
நான்தான் வாய்ப்பழக்கத்தில்
நா ஸ்த்ரோவ்யே என்றேன்.

படியில் அவள் நின்று
திரும்பிப் பார்த்தாள்.

அந்த இடத்தில் எப்போதும் திரும்புகிறவள்தான்.
தும்மலுக்கென்று நினைத்திருந்தோம்.