தூக்கிய கால்

பனி உருகிய பிறகுதான் என் ஜீப் மேலே ஏறும்.
ஊசி, சுண்ணாம்பு, மாவட்ட முத்திரை,
நான்கு கட்டம் போட்ட பதிவேடு:
உரிமையாளர், இனம், நோய், முடிவு.

ஸ்வானேத்தியில் வீட்டுக்கொரு கல்கோபுரம்.
பிமுர்ஸாவினது பாதி இடிந்தது,
மீதியில் காய்ந்த புல் அடைத்திருந்தார்.
அதனடியில் நின்றது செவலை எருது,
இரண்டு கண்ணிலும் பூ விழுந்து.
விரலை ஆட்டினேன். தீக்குச்சி கிழித்தேன்.
இமைக்கவில்லை.
நான்காவது கட்டத்துக்குப் பேனாவைத் திறந்தேன்.

"கொஞ்சம் பொறுங்க, டாக்டரம்மா" என்றாள் தாரெஜான்.
"அவள் வரட்டும்."

வந்தாள்.
ஈரக் காலோடு, இடுப்பை ஆட்டி,
வரி வசூலிக்க வந்தவள்போல் கழுத்தை நீட்டி,
ஒரு வெள்ளை வாத்து.
என் பூட்ஸை ஒரு கொத்து கொத்திவிட்டு
எருதின் மூக்குக்கு நேரே போய்க் கத்தினாள்.
எருது நடந்தது.

படலைத் தாண்ட ஒரு குரல்,
சரிவில் வேறொன்று,
ஆற்றின் மேல் பலகைப் பாலத்தில்
விடாமல் கக் கக் கக்.
பாலம் முடிந்ததும் சத்தமே இல்லை.
சத்தம் இல்லையென்றால் புல் என்று பொருள்.

யாரும் பழக்கவில்லையாம்.
நரி வந்த ஓர் இரவில்
மாட்டின் வயிற்றடியில் ஒதுங்கியவள்
கூண்டுக்குத் திரும்பவே இல்லையாம்.

வாத்து மடையன் என்று
எத்தனை பேரை வைதிருக்கிறேன்.
அதில் பாதியை அங்கேயே வாபஸ் வாங்கினேன்.
ஆனாலும் நான் படித்தவள்.
சூடு, வாசனை, பழக்கம்
என்று மூன்றாகப் பிரித்துவிடத் தெரியும்.
"மறு ஆய்வு" என்று எழுதி முத்திரை குத்தினேன்.

அடுத்த மே மாதம் போன் வந்தது.
எருது இளைக்கிறது, விலாவை எண்ணலாம்,
படலைத் தாண்ட மாட்டேன் என்கிறது.
மூன்று மணி நேரச் சேறு.
தாடையைத் திறந்தேன், சாணத்தைக் கிளறினேன்,
வயிற்றில் காதை வைத்தேன்.
புழு இல்லை. காய்ச்சல் இல்லை.
தாரெஜான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

தொட்டிக்குப் பின்னால், கம்பளிக் கிழிசலில்,
அடையில் இருந்தாள் அவள்.
ஏழு முட்டை.
(அப்பன் யார் என்பதற்கு என்னிடம் கட்டம் இல்லை.)
கிட்டப் போனவர்மேல் எல்லாம் சீறினாள்.
பிமுர்ஸாவின் முழங்காலில் ஊதா வடு.
எருது மட்டும்
அவள் முதுகில் மூக்கை வைத்து மூச்சு விடலாம்.

குரல் இல்லாவிட்டால் பாலம் இல்லை,
பாலம் இல்லாவிட்டால் புல் இல்லை.
சுலபமான விளக்கம். எழுதிக்கொண்டேன்.
அதற்குப் போட்ட காய்ந்த புல்லில் பாதியை
மூக்காலேயே அவள் பக்கம் தள்ளியிருந்தது.
அதை எழுதவில்லை.

ஜூனில் வேலை இல்லாமலே போனேன்.
டீசல் கணக்கில் தடுப்பூசி என்று காட்டினேன்.
தொழுவம் முழுக்கக் கீச்சு.
இரண்டு கூமுட்டை போக ஐந்து மஞ்சள் குஞ்சுகள்
குளம்புக்கு நடுவில், வாலுக்கடியில், தவிட்டில்.
எருது
வலது முன்னங்காலைத் தூக்கியபடி நின்றது.

எங்கே வைப்பது?
எல்லாத் திசையிலும் சின்னச் சின்னக் குரல்கள்,
ஒன்றுக்கும் இன்னும் அர்த்தம் வரவில்லை.
அறுநூறு கிலோ, மூன்று கால்.
தோள் நடுங்கியது. மூக்கில் வியர்வை.
எவ்வளவு நேரமாக என்று கேட்டேன்.
பிமுர்ஸா பதில் சொல்லாமல்
தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்.

அவளோ தண்ணீர்த் தொட்டியில்
சாவகாசமாகக் குளித்துக்கொண்டிருந்தாள்.
கழுத்தை உதறி, இறகு ஒவ்வொன்றாய்க் கோதி,
இறங்கி, நடந்து வந்து,
குஞ்சுகளை ஒருபக்கமாய் ஒதுக்கி,
தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள்.
படலுக்கான குரல் அல்ல, சரிவுக்கானதும் அல்ல,
பாலத்தில் நான் கேட்டதும் அல்ல.

கால் மெல்ல, மிக மெல்ல,
தரைக்கு வந்தது.